கிஃப்ட் கோடு ஊகிக்கும் ஏஐ ஸ்கிரிப்ட்கள்: நன்றாகவே ஓடுகிறது, ஒன்றும் கிடைப்பதில்லை

கிஃப்ட் கார்டில் பணத்துக்குப் பதிலாக இருக்கும் எழுத்து-எண் கோவைதான் கிஃப்ட் கோடு. அதை ஊகித்துப் பிடிப்பதாகச் சொல்லி "ஜெனரேட்டர்" என்ற பெயரில் சுற்றும் ஸ்கிரிப்ட்கள் (சிறு நிரல்கள்) இரண்டு வகை. யாரோ எழுதி இலவசமாக விட்டது ஒன்று. ஏஐ உதவியாளரிடம் கேட்டு வாங்கியது இன்னொன்று. கேட்டால் பல உதவியாளர்கள் மறுத்துவிடும். மறுக்காதவை தரும் ஸ்கிரிப்ட் பார்ப்பதற்கு லட்சணமாக இருக்கும்: திரையில் வண்ண எழுத்து, நகரும் புரோகிரஸ் பார், நொடிக்கு எத்தனை முயற்சி என்ற கணக்கு, கண்டுபிடித்ததைச் சேமிக்க ஒரு டெக்ஸ்ட் ஃபைல். அந்த ஃபைல் கடைசிவரை காலியாகவே இருக்கும்.

காரணம் ஸ்கிரிப்டின் தரம் இல்லை, எண்கணிதம். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண் என 62 குறிகளில் 16 இடம் கொண்ட கோடு என்றால் சாத்தியங்கள் 62-இன் 16-ஆம் அடுக்கு, ஏறக்குறைய 4.8 × 10²⁸. உலகில் ஒரு கோடி கோடு செல்லுபடியாகும் நிலையில் இருக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். நொடிக்கு 1,000 முயற்சியை எந்த சர்வரும் தடுக்காமல் அனுமதிக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு கோடு அகப்பட சராசரியாக 15,000 கோடி ஆண்டு ஆகும். பிரபஞ்சத்தின் வயதே சுமார் 1,380 கோடி ஆண்டுதான். வேகத்தைப் பத்து மடங்கு கூட்டினாலும் அதைத் தாண்டித்தான் நிற்கிறது.

"ஏஐ பேட்டர்னைக் கண்டுபிடித்துவிடும்" என்பதுதான் இந்த ஸ்கிரிப்ட்களின் விற்பனை வசனம். இது பாஸ்வேர்ட் உலகத்திலிருந்து கடன் வாங்கிய நம்பிக்கை. 2017-இல் வந்த பாஸ்கேன் ஆய்வு, 2009-இல் ராக்யூ தளத்திலிருந்து கசிந்த பாஸ்வேர்ட்களை ஒரு நியூரல் நெட்வொர்க்குக்குக் கற்றுக்கொடுத்து, மனிதர்கள் வைக்கும் பாஸ்வேர்ட்களை ஊகித்துக் காட்டியது. அது அங்கே பலித்ததற்குக் காரணம், மனிதர்கள் பிறந்த ஆண்டையும் செல்லப் பெயரையும் போட்டு வைப்பதுதான். பாதுகாப்பான ரேண்டம் ஜெனரேட்டரிலிருந்து வந்த கோடில் கற்றுக்கொள்ள எந்தச் சாயலும் கிடையாது. பத்தாயிரம் பழைய கோடுகளைக் காட்டிப் பயிற்சி கொடுத்தாலும் அடுத்த கோடைப் பற்றி மாடலுக்குக் கூடுதலாக எதுவும் தெரியாது. நீளமும் எழுத்துத் தொகுப்பும் தெரியவரும், அது மட்டும்தான். அதைக் கார்டின் முதுகைப் பார்த்தாலே சொல்லிவிடலாம்.

சாட் மாடலிடமே "20 கோடு கொடு" என்று கேட்பவர்களும் உண்டு. இது இன்னும் மோசம். வருவதில் பெரும்பாலானவை எழுத்து, எண், எழுத்து, எண் என்று மாறி மாறி அமையும்; ஒரே எழுத்து அடுத்தடுத்து வருவது அரிது. நிஜமான ரேண்டம் அப்படி நாசூக்காக நடந்துகொள்ளாது. 32 குறிகளில் 16 இடக் கோடு எடுத்தால், சராசரியாக நூற்றில் 38 கோடுகளில் எங்கோ ஓரிடத்தில் ஒரே குறி அடுத்தடுத்து வரும். மாடல் தருவது ரேண்டம் போலத் தெரியும் எழுத்துக் கோவை, அவ்வளவுதான்.

இனி ஸ்கிரிப்டின் உள்ளே. ஏஐ எழுதிக் கொடுப்பதில் திரும்பத் திரும்ப வரும் கோளாறு, பதிலைப் படிக்கும் இடத்தில் இருக்கிறது. சர்வரின் பதிலாக 404 ("அப்படி எதுவும் இல்லை") வந்தால் கோடு செல்லாது, வேறு எது வந்தாலும் செல்லும் என்று எழுதிவிடுகிறது. முயற்சி அதிகமானால் சர்வர் 429 அனுப்பும். "கொஞ்சம் பொறு" என்பதற்கான குறியீடு அது, எத்தனை நொடி பொறுக்க வேண்டும் என்பதும் பெரும்பாலும் கூடவே வரும். ஸ்கிரிப்ட் அதையும் வெற்றி என்று பச்சை எழுத்தில் காட்டும். இலவச புராக்ஸி (நடுவில் நின்று கடத்திவிடும் சர்வர்) வழியாக அனுப்பினால், சில நேரம் புராக்ஸியே தன் விளம்பரப் பக்கத்தை 200 ("எல்லாம் சரி") குறியீட்டோடு திருப்பி அனுப்பும். அதுவும் "ஹிட்" கணக்கில் சேரும். "ராத்திரி முழுக்க ஓடி 40 கோடு கிடைத்தது" என்று பெருமையாக வரும் ஸ்க்ரீன்ஷாட்டுகளின் பின்னணி பெரும்பாலும் இதுதான்.

இன்னொரு வேடிக்கை, ஏற்கெனவே முயன்ற கோடுகளை நினைவில் வைக்க ஏஐ தானாகவே சேர்க்கும் பட்டியல். 16 எழுத்துக் கோடு ஒன்றுக்கு பைதான் மொழியில் ஏறக்குறைய 60 பைட். ஒரு கோடி கோடு சேர்ந்தால், பட்டியலின் சொந்தச் செலவையும் கூட்டி 1 ஜிபியை நெருங்கும் அளவுக்கு ரேம் போய்விடும். இத்தனை பெரிய வெளியில் அந்த ஒரு கோடிக்குள் ஒரு கோடு இரண்டாம் முறை வர வாய்ப்பு லட்சம் கோடியில் ஒன்றைவிட மிகக் குறைவு. இல்லாத திருடனுக்கு வாசலில் காவல் போட்ட கணக்கு.

எண் மட்டும் கொண்ட கார்டுகளுக்கு, கடைசி இலக்கம் மற்றவற்றோடு பொருந்துகிறதா என்று பார்க்கும் லூன் சோதனையைச் சேர்த்து "ஸ்மார்ட்" என்று பெயர் வைக்கிறார்கள். ஹான்ஸ் பீட்டர் லூன் 1954-இல் காப்புரிமை கேட்டு, 1960-இல் பெற்ற முறை இது. தட்டச்சுப் பிழை பிடிக்க வந்தது, பூட்டு அல்ல. குருட்டாம்போக்கில் எழுதிய எண்களிலும் பத்தில் ஒன்று அதில் தேறிவிடும். தேடும் வெளி பத்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது, நல்ல விஷயம்தான், ஆனால் 16 இலக்க எண்ணில் 16 சைபரில் ஒன்று போனால் 15 பாக்கி. தவிர, கடையில் தொங்கும் கார்டு பில் போட்டு ஆக்டிவேட் செய்யும்வரை வெறும் பிளாஸ்டிக். சுரண்டி எடுக்கும் பின் நம்பர் தனி.

ரெடிமேட் ஸ்கிரிப்ட்களில் கிணறு வெட்டப் பூதம் கிளம்பும். டிஸ்கார்டு அரட்டைச் செயலியின் கட்டணச் சந்தாவான நைட்ரோவுக்குக் கோடு தருவதாகச் சொல்லும் பலவற்றில் உள்ளே இருப்பது டோக்கன் திருடி. டிஸ்கார்டும் பிரவுசரும் லாகின் டோக்கனை (பாஸ்வேர்ட் கேட்காமலே கணக்குக்குள் விடும் சாவியை) வைத்திருக்கும் லோக்கல் ஸ்டோரேஜ் ஃபோல்டரைத் திறந்து படித்து, வெப்ஹூக் (தகவலைத் தானாகவே கொண்டுசேர்க்கும் இணைய முகவரி) வழியாக எழுதியவருக்கு அனுப்பிவிடும். பார்க்க வேண்டிய இடங்கள்: எழுத்துச் சரத்தை நிரலாக ஓட்டும் எக்ஸெக் என்ற கட்டளைக்குள் நீளமான பேஸ்64 (புரியாத எழுத்துகளாக மாற்றிய) சரம், திரைக்கு வெளியே தள்ளி நூற்றுக்கணக்கான ஸ்பேஸுக்கு அப்பால் ஒளிந்திருக்கும் ஒற்றை வரி, பிரபலப் பேக்கேஜின் (நிறுவிப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்பின்) பெயரில் ஓர் எழுத்து மாறிய பேக்கேஜ். ஏஐ எழுதியதிலும் இந்தப் பேக்கேஜ் ஆபத்து உண்டு: இல்லாத பேக்கேஜ் பெயரை மாடல் கற்பனையாகச் சொல்லும், அந்தப் பெயரில் யாராவது விஷத்தைப் பதிவுசெய்து காத்திருப்பார்கள். நிறுவும் முன் பெயரைப் பேக்கேஜ்களின் பதிவகத்தில் தேடி, எப்போது வெளியானது என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை.

எல்லாக் கோடும் பாதுகாப்பானது என்று அர்த்தமில்லை. 2017-இல் டிஸ்டில் நெட்வொர்க்ஸ் கண்டுபிடித்து கிஃப்ட்கோஸ்ட்பாட் என்று பெயரிட்ட பாட் (தானாக இயங்கும் நிரல்), ஏறத்தாழ ஆயிரம் தளங்களின் கார்டு பேலன்ஸ் பக்கங்களைக் குறிவைத்தது. அடுத்தவர் சர்வரில் இதைச் செய்வது பொழுதுபோக்கு இல்லை, மோசடி; கணக்கும் போகும், வழக்கும் வரும். ஸ்கிரிப்ட் எழுதிப் பார்க்கும் ஆசைக்குச் சரியான இடம் சொந்தக் கணினி: பைதானின் ஃபிளாஸ்க் கருவியில் எழுதிய ஒரு சின்ன சர்வர், அதில் நாமே போட்ட 10,000 கோடு, அதை நாமே தாக்குவது.

அங்கேதான் ஏஐ-யின் உதவிக்கு மதிப்பு கூடுகிறது, அதன் தவறும் தெளிவாகத் தெரிகிறது. கூப்பன் கோடு உருவாக்கச் சொன்னால் பல நேரம் பைதானின் ரேண்டம் மாட்யூலை எடுத்து நீட்டும். அதன் உள்ளே இருப்பது மெர்சென் ட்விஸ்டர், பாதுகாப்புக்காக உருவாக்கப்படாத ரேண்டம் முறை. 624 முழு வெளியீடுகளைப் பார்த்தவர் அடுத்தவற்றைக் கணக்கிட்டுவிடலாம். நொடிக்கணக்கில் நேரத்தை சீடாக (ரேண்டம் வரிசை தொடங்கும் எண்ணாக) கொடுத்திருந்தால் இன்னும் எளிது: எந்த நாள் என்று தெரிந்தால் 86,400 சாத்தியம்தான், கோடு எவ்வளவு நீளமாக இருந்தாலும். ரகசியங்களுக்கென்றே பைதான் 3.6 முதல் இருக்கும் சீக்ரெட்ஸ் மாட்யூலைப் பயன்படுத்தச் சொல்லி வெளிப்படையாகக் கேட்க வேண்டும்.

நீளத்தையும் நாம்தான் சொல்ல வேண்டும். 36 குறிகளில் 6 இடம் என்றால் சுமார் 218 கோடி சாத்தியம். அதில் 10,000 கோடு உயிரோடு இருந்தால் இரண்டேகால் லட்சம் முயற்சிக்குள் சராசரியாக ஒன்று சிக்கும். நொடிக்குப் பத்து என்றாலும் ஆறு மணி நேரம். ஐ, எல், ஓ, யூ நீக்கிய 32 குறிகளில் 16 இடம் வைத்தால் 80 பிட், அதாவது 2-இன் 80-ஆம் அடுக்கு சாத்தியம். வாடிக்கையாளருக்குத் தட்டச்சிடும்போது குழப்பமும் குறைவு. ஒரு கணக்குக்குத் தொடர்ந்து 100 தவறான முயற்சிக்கு மேல் விடாதீர்கள். "இல்லாத கோடு", "பயன்படுத்தியாகிவிட்டது" இரண்டுக்கும் ஒரே பதில் போகட்டும். டேட்டாபேஸில் கோடை அப்படியே வைக்காமல், எச்மேக் செய்து, அதாவது ரகசியச் சாவியையும் கலந்து திரும்ப எடுக்க முடியாத கைரேகை போன்ற சரமாக (ஹேஷாக) மாற்றி வையுங்கள். 6 இடக் கோடைச் சாவி சேர்க்காத வெறும் ஹேஷாக வைத்தால், டேட்டாபேஸ் கசிந்த அன்றே ஒரு கிராபிக்ஸ் கார்டு சில நொடிகளில் அத்தனையையும் திறந்துவிடும்.