தெருவை அடைத்து விளையாட்டு: நெல்லைக்கு எந்த முறை தோது?

ஞாயிறு சாயங்காலம் இரண்டு மணி நேரமாவது வண்டித் தொல்லை இல்லாமல் பிள்ளைகள் தெருவில் ஓடியாட வேண்டும். அதற்குத் தெருக்காரர்கள் முன்னால் நான்கு வழிகள் உண்டு. பெரிய சாலை ஒன்றைக் காவல்துறை துணையோடு அடைத்து விழாவாக நடத்தலாம். வீட்டு வாசலில் இருக்கும் குறுக்குத் தெருவை மாதம் இருமுறை அடைக்கலாம். முட்டுச் சந்தில் ஒரு முனையை மட்டும் அடைத்து ஆடலாம். தெருவே வேண்டாம் என்று மைதானத்துக்குப் போகலாம்.

எங்கள் கணிப்பில் நெல்லைக்குக் குறுக்குத் தெருதான் முதலிடம். ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை உள்ள பிள்ளை பெரியவர் துணையில்லாமல் எவ்வளவு தூரம் போகலாமோ, அதற்குள்தான் அதன் தினசரி விளையாட்டு அடங்கும். வாசலுக்கு எதிரே நடந்தால் வரும். வண்டியில் ஏற்றிக் கொண்டுபோக வேண்டுமென்றால் பாதிப் பிள்ளைகள் வீட்டிலேயே இருந்துவிடும்.

பெரிய சாலை

கொலம்பியாவின் போகோட்டா நகரில் 1974-இல் தொடங்கிய ஞாயிறு சாலை அடைப்பு இந்த முறைக்கு மூத்தது. குர்கானில் 2013-இல் அதே வழியில் தொடங்கினார்கள். சென்னையிலும் கோவையிலும் அப்படி நடந்திருக்கிறது. ஊர் முழுக்க வந்து பார்க்கும், அதிகாரிகளுக்கும் துணிச்சல் வரும். ஆனால் பேருந்து போகும் சாலைகள் பல, மாநகராட்சியுடையவை அல்ல, நெடுஞ்சாலைத் துறையுடையவை. மாநகராட்சியில் மட்டும் மனு கொடுத்துவிட்டு நாள் குறித்தால் கடைசி வாரத்தில் எல்லாம் நின்றுபோகும். மேடை, மைக், பாட்டு என்று வந்த பிறகு பிள்ளைகள் ஆடுவதை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கத் தொடங்கும் என்பதுதான் எங்களுக்கு இதைவிடப் பெரிய குறை. வருஷத்துக்கு ஒருமுறை, அதுவும் தொடக்க விழாவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

குறுக்குத் தெரு

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 2009-இல் இரண்டு தாய்மார்கள் தங்கள் தெருவிலேயே தொடங்கிய முறை இதற்கு நெருக்கமானது. கடந்துபோகும் வண்டிகளை மட்டும் திருப்பிவிடுவார்கள். அந்தத் தெருவில் குடியிருப்பவர் வண்டி நடைவேகத்தில் உள்ளே வரலாம். இந்த ஒரு விதிதான் எதிர்ப்பைப் பாதியாகக் குறைக்கிறது. "என் காரை நான் எடுக்கக் கூடாதா?" என்று கேட்பவருக்கு, எடுக்கலாம் என்பதே பதில்.

தெருவைத் தேர்ந்தெடுக்கும்போது நீளம் நூறு மீட்டரைத் தாண்ட வேண்டாம். ஒரு முனையில் நிற்பவருக்கு மறுமுனையில் நிற்பவர் தெரிய வேண்டும், விசில் கேட்க வேண்டும். இணையாக இன்னொரு தெரு மாற்று வழியாக இருக்க வேண்டும். பெருமாள்புரம், மகாராஜநகர், தியாகராஜநகர் போல மனை பிரித்துக் கட்டிய பகுதிகளில் இது எளிது. மருத்துவமனை, கிளினிக் உள்ள தெருவைத் தொடாதீர்கள்.

தெரு எந்தத் திசையில் ஓடுகிறது என்பதையும் பாருங்கள். தெற்கு வடக்காக ஓடினால் மேற்கு வரிசை வீடுகளின் நிழல் தெருவில் விழும். நாலரை மணிக்கு இருபது அடி உயர வீட்டின் நிழல் முப்பது அடிக்கு மேல் நீளும். இருபதடித் தெரு முழுக்க மூடிவிடும். கிழக்கு மேற்காக ஓடும் தெருவில் அதே நேரம் வெயில் நேராக முகத்தில் அடிக்கும். சித்திரை, வைகாசியில் தார் ரோடு வெறுங்காலைச் சுட்டுவிடும். அங்கே ஐந்து மணிக்கு முன் ஆரம்பிக்காதீர்கள்.

அனுமதிக்கு இரண்டு மனுக்கள். மாநகராட்சிக்குத் தச்சநல்லூர், திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் என நான்கு மண்டலங்கள். உங்கள் மண்டல அலுவலகத்துக்கு ஒன்று. மாநகரப் போக்குவரத்துக் காவலுக்கு ஒன்று, அதன் நகல் உள்ளூர்க் காவல் நிலையத்துக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 115-ஆம் பிரிவு வண்டிப் போக்கைத் தடுக்கும் அதிகாரத்தைத் தருகிறது. தடை ஒரு மாதத்துக்கு மேற்படாவிட்டால் அரசிதழ் அறிவிப்பு தேவையில்லை, உள்ளூரில் தெரியப்படுத்தினால் போதும். மனுவோடு கையால் வரைந்த தெருப்படம், மாற்று வழி, தேதி, நேரம், பொறுப்பாளர் இருவரின் அலைபேசி எண், வீட்டுக்கு ஒரு கையெழுத்து எல்லாவற்றையும் இணையுங்கள். மைக் வைக்க மாட்டோம் என்று எழுதினால் தனி அனுமதிக்கு அலைய வேண்டாம்.

கோயில் கொடை விழாவுக்கும் கல்யாணத்துக்கும் தெருவை அடைத்துப் பழகிய ஊர் இது. அதனாலேயே "கேட்காமல் அடைத்தால் என்ன?" என்று சிலர் நினைப்பார்கள். கொடைக்குத் தெரு முழுக்க உரிமையோடு நிற்கும். விளையாட்டுக்கு அந்த ஒப்புதலை வீடு வீடாகப் போய்த்தான் வாங்க வேண்டும். ஒரு வீடு மறுத்தால் ஓட்டெடுப்பு வைக்காதீர்கள், காரணம் கேளுங்கள். தையல் கடை அண்ணாச்சிக்கு வாடிக்கையாளர் வரும் நேரமாக இருக்கும். படுத்த படுக்கையாய் ஆச்சி இருப்பார். அரை மணி தள்ளினாலோ, அந்த வாசலைத் தடுப்புக்கு வெளியே விட்டாலோ பெரும்பாலும் தீர்ந்துவிடும். தெருவில் துக்கம் நேர்ந்தால் அந்த வாரம் கிடையாது.

எதை வைத்து அடைப்பது?

விபத்து நடப்பது இங்கேதான். வெறும் கயிறு கட்டவே கூடாது. பைக்கில் வருகிறவர் கண்ணுக்குக் கயிறு தெரியாது, கழுத்தில் மாட்டும். ஆட்டோவையோ காரையோ குறுக்கே நிறுத்தினால் பலமாகத் தெரியும், ஆனால் 108 வரும்போது சாவி வைத்திருப்பவர் டீக்கடையில் இருப்பார். பந்தல்காரரிடம் மூங்கில் வாங்கிக் குழி தோண்டி நட்டால் பேவர் பிளாக் பெயர்ந்து மாநகராட்சியோடு வழக்காகும். காவல்துறையின் இரும்புத் தடுப்பு நல்லதுதான், ஆனால் அதை ஏற்றி இறக்க ஒவ்வொரு முறையும் குட்டியானை (சின்ன சரக்கு வண்டி) வேண்டும்.

நாங்கள் சொல்வது பெயிண்ட் வாளி. இருபது லிட்டர் காலி வாளியில் மணல் நிரப்பினால் முப்பது கிலோ சொச்சம் வரும். காற்றுக்குச் சாயாது, ஒருவரே இழுத்து நகர்த்தலாம். நடுவில் நாலடி பிவிசி குழாயை நட்டு, மேலேயும் இடுப்பளவிலும் சிவப்பு வெள்ளைத் துணிப்பட்டையை வாளிக்கு வாளி கட்டுங்கள். இருபதடி அகலத்துக்கு முனைக்கு நான்கு வாளிகள், மொத்தம் எட்டு. ஆடி மாதக் காற்றில் துணி படபடத்துத் தூரத்திலேயே தெரியும். தடுப்புக்கு முப்பது மீட்டர் முன்னால், திருப்பத்திலேயே, "தெரு அடைப்பு, மாலை 4.30 – 6.30, மாற்று வழி" என்று அம்புக்குறியோடு ஒரு தட்டி நிற்க வேண்டும். தடுப்புவரை வந்து திரும்புகிறவர்தான் கோபப்படுவார்.

முனைக்கு இரண்டு பெரியவர்கள், அரை மணிக்கு ஒருமுறை மாற்று ஆள். குடியிருப்பவர் வண்டி வந்தால் நீளமாக ஒரு விசில், பிள்ளைகள் ஓரம் போன பிறகு ஒருவர் வண்டிக்கு முன்னால் நடந்து கூட்டிப்போவார். சாப்பாடு கொண்டுவருகிறவர் பைக்கை முனையில் விட்டுவிட்டு நடக்கட்டும். பால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகட்டும். இரு சக்கர வண்டிகளை எல்லாம் ஒரே ஓரமாக நிறுத்துங்கள், ஆம்புலன்சுக்குப் பன்னிரண்டடி கிடைக்கும். காவலுக்கு எட்டுப் பேர் சேராவிட்டால் அன்றைக்கு அடைக்க வேண்டாம். ஆளில்லாத தடுப்பைப் பைக்கில் வருகிறவர் நகர்த்திவிட்டு உள்ளே வருவார், பிள்ளைகள் அடைத்த தெரு என்று நம்பி ஓடிக்கொண்டிருக்கும். அடைக்காத தெருவைவிட அதுதான் ஆபத்து.

தொடங்குவதற்கு முன் வாறுகால் (சாக்கடை) மூடிகளை மிதித்துப் பாருங்கள். ஆடும் மூடிமேல் ஒரு வாளியை வைத்துவிட்டால் யாரும் போக மாட்டார்கள். கோடு போடக் கோலமாவு போதும். பேவர் பிளாக்கில் சாக்பீஸ் நிற்காது. அறுபது பிள்ளைகளுக்கு ஆளுக்கு அரை லிட்டர் வீதம் முப்பது லிட்டர் தண்ணீர், அதாவது இரண்டு கேன். கிளித்தட்டு, பாண்டி, பம்பரம், கோலி, பச்சைக்குதிரை எல்லாம் தெருவுக்குள் அடங்கும். திண்ணையில் தாயத்துக்கும் பல்லாங்குழிக்கும் இடம் கொடுத்தால் ஆச்சிமாரும் வாசலுக்கு வருவார்கள். கூடுதல் கண்கள் கிடைக்கும். செல்லாங்குச்சிக்கும் (கிட்டிப்புள்) கிரிக்கெட்டுக்கும் தெருவில் இடமில்லை. முன்னது கண்ணைக் கெடுக்கும். பின்னது ஐந்து பெரிய பையன்களுக்காக மொத்தத் தெருவையும் எடுத்துக்கொள்ளும்.

முட்டுச் சந்தும் மைதானமும்

முட்டுச் சந்தில் ஒரே முனை, நான்கே வாளி, ஆளும் பாதிதான். டவுன் ரத வீதிகளை ஒட்டிய சந்துகளிலும் மேலப்பாளையத்தின் ஒடுக்கமான தெருக்களிலும் இதுதான் நடக்கக்கூடியது. எட்டடிச் சந்தில் ஓட்ட விளையாட்டு கூடாது, சுவரில் மோதும். பாண்டியும் கோலியும் சரி.

மைதானத்துக்கு அனுமதித் தலைவலி குறைவு. பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானம் போன்ற இடத்தில் பதினான்கு வயதுக்கு மேற்பட்டவர்கள் நிம்மதியாகப் பந்தடிக்கலாம். சின்னப் பிள்ளைகளைப் பெரிய சாலை தாண்டிக் கூட்டிப்போக ஆள் வேண்டும். பெண் பிள்ளைகள் வயதுக்கு வந்ததும் அங்கே அனுப்புவதைப் பல வீடுகள் நிறுத்திவிடுகின்றன. வாசல் தெருவுக்கு அந்தத் தடை குறைவு. இந்த ஒரு காரணத்துக்காகவே நாங்கள் தெருவின் பக்கம் நிற்கிறோம். கிரிக்கெட் பையன்களை மைதானத்துக்கு அனுப்புங்கள், தெருவை மற்றவர்களுக்கு விடுங்கள்.

எந்த நேரம்?

ஞாயிறு காலையைப் பலர் சொல்வார்கள். பாளையங்கோட்டையில் அது ஆலய ஆராதனை நேரம்; பாதி வீடு பூட்டியிருக்கும், ஆலயம் போகும் வண்டிகளும் அதிகம். மாலையே மேல். மேலப்பாளையத்தில் நோன்பு மாதத்தில் இஃப்தாருக்கு ஒரு மணி நேரம் முன்பே தெருவைத் திறந்துவிடுங்கள். டவுனில் ஆனித் தேரோட்டச் சமயத்தில் மாற்று வழிகளே நிரம்பியிருக்கும், அந்த வாரங்களை விட்டுவிடுங்கள். குழாயில் தண்ணீர் வரும் முறை எந்த நாள் என்று கேட்டுக்கொண்டு தேதி வையுங்கள்; குடம் வரிசையாக நிற்கும் தெருவில் ஓட முடியாது.

ஐப்பசி, கார்த்திகையில் மழையும் உண்டு, ஆறு மணிக்கே இருட்டும். நான்கிலிருந்து ஐந்தரை என்று சுருக்குங்கள். முடிக்கும்போது பிள்ளைகள் எல்லாம் வாசலேறிய பிறகே வாளிகளை எடுக்க வேண்டும். இரண்டு முனைகளையும் விசிலடித்து ஒரே நேரத்தில் திறங்கள். ஒரு முனையை முன்னதாகத் திறந்தால் உள்ளே வந்த வண்டி மறுமுனையில் மாட்டிக்கொண்டு, பிள்ளைகள் நடுவில் பின்னால் எடுக்கும்.