பி.வி.எஸ்: டைப் செக்கிலேயே பாதி வேலை முடிகிறது

கருவிகளுக்குள்ளேயே ஓடும் எம்பெடட் மென்பொருள்தான் என் தொழில். டிசைனைக் கணித முறையில் சரிபார்க்க பி.வி.எஸ். (Prototype Verification System) என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். தேற்றங்களை நிரூபிக்கும் மென்பொருள் என்று இதற்குப் பெயர் இருந்தாலும், எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது டைப் செக்கர், அதாவது ஒவ்வொரு மதிப்பும் அதற்குச் சொன்ன வகைக்குள் (டைப்) அடங்குகிறதா என்று பார்க்கும் பகுதி.

கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் உள்ள எஸ்.ஆர்.ஐ. இன்டர்நேஷனல் என்ற ஆய்வு நிறுவனத்தில் பிறந்தது இது. சாம் ஓரே, ஜான் ரஷ்பி, நடராஜன் சங்கர் மூவரும் 1992இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். சங்கர் ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்தவர். மென்பொருள் இலவசம், மூலநிரலும் திறந்தே கிடக்கிறது.

ஒரு சர்க்குலர் பஃபரை எடுத்துக்கொள்வோம், அதாவது கடைசி இடத்துக்குப் பிறகு மறுபடி முதல் இடத்துக்கே வரும் தரவுச் சேமிப்பு. எட்டு இடங்கள், 0 முதல் 7 வரை எண்கள். அடுத்த இடத்தைச் சொல்லும் ஃபங்ஷனில் 'இட எண்ணோடு 1 கூட்டு' என்று எழுதிவிட்டு, விடையும் 0 முதல் 7க்குள்தான் இருக்கும் என்று டைப்பில் சொல்கிறோம். டைப் செக் கொடுத்ததும் ஒரு கேள்வி வந்து நிற்கும்: இந்த வரம்பில் உள்ள எந்த எண்ணோடு 1 கூட்டினாலும் அது 8-ஐ விடக் குறைவா? இதை டி.சி.சி. (type correctness condition) என்பார்கள், டைப் சரியாக இருக்க நிரூபிக்க வேண்டிய நிபந்தனை. 7-க்கு இது பொய், எனவே நிரூபிக்கவே முடியாது. 7 வந்தால் 0-க்குத் திரும்பு என்று திருத்தினால் அதே கேள்வியைத் தானே முடித்துக்கொள்கிறது.

எட்டு இடம் என்றால் டெஸ்ட்டிலேயே பிடித்திருக்கலாம், உண்மைதான். ஆனால் இங்கே அளவை 8 என்று கட்டிப்போட வேண்டியதே இல்லை. 'ஏதோ ஒரு மிகை முழு எண்' என்று விட்டுவிடலாம். ஒரே நிரூபணம் எல்லா அளவுக்கும் செல்லும். எந்த டெஸ்ட்டாலும் இதைத் தர முடியாது.

அப்புறம் புரூவர், அதாவது நாம் கட்டளை கொடுத்து நிரூபிக்கும் பகுதி. திரையில் ஒரு கோடு. மேலே நமக்குத் தெரிந்தவை, கீழே நிரூபிக்க வேண்டியவை. ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும் மீதி என்ன என்று காட்டும். 'படிக்காத தரவு அழியாது' என்பதை நிரூபிக்கப் போனால், பஃபர் நிரம்பியிருக்கும்போது எழுத வருகிற நிலையில் வந்து மாட்டிக்கொண்டு நிற்கும். அந்த நிலையில் என்ன செய்ய வேண்டும் என்று டிசைன் ஆவணத்தில் யாருமே எழுதியிருக்க மாட்டார்கள். இப்படி முடியாமல் நிற்கும் நிரூபணம்தான் எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

குறைகளும் உண்டு. 'கிரைண்ட்' என்ற கட்டளை சின்னச் சின்னத் தேற்றங்களை ஒரே அடியில் முடித்துவிடும். ஆனால் பெரிய டிசைனில் கண்ணை மூடிக்கொண்டு அடித்தால் கிளை கிளையாகப் பிரிந்து திரையை நிரப்பிவிடும், எது எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. டிசைனைக் கொஞ்சம் மாற்றினாலும் பழைய நிரூபணங்கள் சில உடைகின்றன. நிரூபணத்தைத் தனியாக எடுத்துப் படித்தால் வெறும் கட்டளை வரிசைதான், மனிதருக்குப் புரியாது. அந்த விஷயத்தில் இதே வகையைச் சேர்ந்த இசபெல் என்ற மென்பொருள் எவ்வளவோ மேல். காக் (இப்போது ராக் என்று பெயர்) என்ற இன்னொரு நிரூபண மென்பொருளில் இருப்பதுபோல எல்லா நிரூபணங்களையும் மறுபடி சோதிக்கும் சின்ன மையமும் இதில் கிடையாது. உள்ளே இருந்து தானாக விடை சொல்லும் தீர்வு நிரல்களை நம்பித்தான் ஆக வேண்டும். எனக்கு இதுதான் பெரிய உறுத்தல்.

ஆனாலும் நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தார் விமானங்கள் மோதாமல் விலகும் அல்காரிதங்களை இதில்தான் சரிபார்க்கிறார்கள். அவர்கள் தரும் நாசாலிப் நூலகத்தையும் சேர்த்தே நிறுவிக்கொள்ளுங்கள். திரிகோணமிதி, வெக்டர் எல்லாம் நிரூபணத்தோடு தயாராக இருக்கின்றன, நீங்கள் புதிதாக எழுத வேண்டாம். இது வழக்கமாக ஓடும் ஈமேக்ஸ் எடிட்டர் பழக்கமில்லாதவர்களுக்கு விஎஸ் கோட் எடிட்டருக்கான நீட்சி இருக்கிறது, நன்றாகவே வேலை செய்கிறது. விண்டோஸில் நேரடியாக ஓடாது. லினக்ஸோ மேக்கோ வேண்டும்.

புதிதாக வருபவர்கள் முதல் சில வாரம் புரூவர் பக்கமே போக வேண்டாம். கையில் இருக்கும் டிசைனில் ஒரு சின்னப் பகுதியை எழுதி, டைப் செக் மட்டும் கொடுத்து, வருகிற டி.சி.சி.களை ஒவ்வொன்றாகப் படித்துப் பாருங்கள்.