தையல் தழும்பு மங்க: சிலிகோன் ஷீட்டா, ஜெல்லா, பேப்பர் டேப்பா, லேசரா?

தையல் பிரித்த அன்று மெல்லிய கோடாகத்தான் இருக்கும். ஆறாவது, எட்டாவது வாரத்தில் அதே கோடு சிவந்து, லேசாகத் தடித்து, அரிக்கத் தொடங்கும். பலரும் ஏதாவது ஒரு ட்யூபை வாங்கித் தடவத் தொடங்குவது இந்தக் கட்டத்தில்தான். நாலைந்து மாதத்தில் சிவப்பு அடங்குகிறது, மேடு தணிகிறது, பாராட்டு ட்யூபுக்குப் போகிறது. ஆனால் எதுவுமே தடவாவிட்டாலும் பெரும்பாலான தழும்புகள் இப்படித்தான் ஏறி இறங்கும். எந்த முறையை அலசினாலும் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்: தானாக நடக்கப்போவதை விட அது கூடுதலாக என்ன செய்கிறது?

தோலுக்குள் நடப்பது இது. முதல் சில வாரங்களில் உடம்பு அவசர அவசரமாக மூன்றாம் வகை கொலாஜனை (தோலுக்கு வலுத் தரும் நார்ப்புரதம்) திணித்துக் காயத்தை அடைக்கிறது. பிறகு ஓராண்டு, ஒன்றரை ஆண்டு எடுத்துக்கொண்டு அதைக் கரைத்து, உறுதியான முதல் வகை கொலாஜனாக மாற்றி அடுக்குகிறது. மூன்று வாரத்தில் காயத்தின் வலு பழைய தோலின் கால் பங்குதான் இருக்கும். மூன்று மாதத்தில் எண்பது சதவீதத்தை நெருங்கும், அதற்கு மேல் எப்போதும் முழுதாக வராது. வலு குறைந்த அந்த முதல் மூன்று மாதங்களில் தோல் இரு பக்கமும் இழுபட்டால், அந்த இழுவையைச் சமாளிக்க உடம்பு இன்னும் கொலாஜனைக் கொட்டும். நடுமார்பு, தோள், மேல்முதுகு, முழங்கால் தழும்புகள் தடிப்பதும், கண்ணிமைத் தழும்பு தேடினாலும் கிடைக்காமல் போவதும் பெரும்பாலும் இதனால்தான்.

தேர்வு செய்யும்முன் குறை எது என்று பாருங்கள். சிவப்பு, கருமை, மேடு, அடியில் ஒட்டிய இறுக்கம், பள்ளம் ஆகிய ஐந்தும் தனித்தனிச் சிக்கல்கள். மேட்டுக்கான மருந்து கருமையைத் தொடாது. கருமைக்கான களிம்பு இறுக்கத்தை இளக்காது. 'தழும்பு க்ரீம்' என்ற ஒரே பெயரில் எல்லாவற்றுக்கும் விற்பதால்தான் குழப்பம்.

சிலிகோன்: ஷீட்டும் ஜெல்லும்

1980களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் தீக்காயத் தழும்புகள் மேல் ஒட்டிப் பார்த்ததில் தொடங்கிய வழக்கம் இது. இன்று தழும்பு தடிக்காமலிருக்க மருத்துவர்கள் பொதுவாக முதலில் சொல்வதும் இதுவே. சிலிகோன் தோலுக்குள் ஊடுருவி எதையும் கரைப்பதில்லை. புதுத் தழும்பின் மேல்தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கத் தெரியாமல் காய்ந்துகொண்டே இருக்கும். அந்த வறட்சியே 'காயம் இன்னும் மூடவில்லை' என்ற சேதியாகக் கீழே போய்க் கொலாஜன் உற்பத்தியைத் தூண்டுகிறது. சிலிகோன் மேலே மூடியாக உட்கார்ந்து ஈரத்தைக் காக்கிறது, சேதி நின்றுபோகிறது. இந்த முறைமீது நடந்த பரிசோதனைகளில் பல சிறியவை, தரத்தில் சுமார் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் பாதிப்பு குறைவு, கைக்கெட்டும் மற்றவற்றின் ஆதாரம் இதைவிடப் பலவீனம்.

இரண்டில் ஷீட்டுக்கே நாம் முதலிடம் தருவோம், உடம்பின் தட்டையான, ஆடை மறைக்கும் இடங்களுக்கு மட்டும். வயிறு, மார்பு, முதுகு, தொடை ஆகியவை அதற்கு ஏற்றவை. தழும்பைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரு சென்டிமீட்டர் தாண்டும்படி வெட்டி, மூலைகளை வளைவாக நறுக்க வேண்டும். கூர்மூலை முதலில் உரிந்து துணியில் ஒட்டும். முதல் இரண்டு நாள் நாலு மணி நேரம், பிறகு நாளுக்கு இரண்டு மணி நேரம் கூட்டி, 12 மணி நேரத்தைத் தாண்டிக் கொண்டுபோக வேண்டும். குளிக்கும் நேரம் தவிர நாள் முழுதும் இருந்தால் இன்னும் நல்லது. குறைந்தது மூன்று மாதம். தினமும் ஒருமுறை கழற்றி, மணமில்லாத மென்சோப்பில் ஷீட்டைக் கழுவி, காற்றில் உலர விடவும். துண்டால் துடைத்தால் நூல் ஒட்டி, அன்றோடு அதன் பிசுக்கு போய்விடும். பிசுக்கு கழுவியும் திரும்பாதபோது மாற்ற வேண்டியதுதான். வகையைப் பொறுத்து ஒரு வாரத்திலிருந்து நாலு வாரம்வரை உழைக்கும்.

தவறு நடக்கும் இடம் பெரும்பாலும் வியர்வை. ஷீட்டுக்கு அடியில் தோல் வெளுத்து ஊறிப்போயிருந்தால், அல்லது வேர்க்குரு மாதிரி சின்னச் சின்னப் புள்ளிகள் எழுந்தால், இரண்டு மூன்று நாள் நிறுத்தி, தோல் தெளிந்தபின் குறைந்த நேரத்தில் மீண்டும் தொடங்கலாம். பலர் இதை 'அலர்ஜி' என்று முடிவுகட்டி ஷீட்டையே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். பாதிக் கதை, கழுவாத ஷீட்டும் அதில் தேங்கிய சோப்பும்தான்.

ஜெல் முகம், கழுத்து, விரல், மூட்டு, முடி வளரும் எல்லை ஆகியவற்றுக்கு. காலை ஒன்று, இரவு ஒன்று. விரல் நீளத் தழும்புக்குப் பட்டாணியில் பாதியளவே போதும். தடவி ஐந்து நிமிடத்தில் விரல்பட்டால் ஒட்டாத மெல்லிய படலமாக உலர்ந்திருக்க வேண்டும். பத்து நிமிடம் கழித்தும் பிசுபிசுவென்றிருந்தால் அளவு அதிகம், மேலதிகத்தை ஒற்றி எடுத்துவிடுங்கள். உலராத ஜெல் துணிக்குப் போகிறது, தழும்புக்கு மிச்சமில்லை. சன்ஸ்கிரீன், மேக்கப் எல்லாம் ஜெல் உலர்ந்தபின் அதன்மேல். வரிசை மாறினால் படலம் பிடிக்காது.

ஷீட், ஜெல் இரண்டின் பலனும் ஏறக்குறைய ஒன்றுதான் என்கிறார்கள். பலனை நிர்ணயிப்பது எத்தனை மணி நேரம் மூடியிருக்கிறது என்பதே. 'எப்போதாவது ஞாபகம் வந்தால் தடவுவேன்' என்பவருக்கு ஜெல் வீண்செலவு, ஷீட்டே சரி. ஆனால் காயத்தில் பொருக்கு ஒட்டியிருக்கும்வரை, சிறு கசிவு இருக்கும்வரை இரண்டுமே கூடாது. பொதுவாகத் தையல் பிரித்து, காயம் முழுதாக மூடிய பிறகு, ஏறத்தாழ இரண்டாவது மூன்றாவது வாரத்தில் ஆரம்பம்.

பேப்பர் டேப்: மதிப்பு தெரியாத மலிவுச் சரக்கு

கட்டுப்போடப் பயன்படும் அதே நுண்துளை பேப்பர் டேப்தான். சிலிகோன் ஈரத்தைக் கவனிக்கிறது என்றால், டேப் இழுவையைக் கவனிக்கிறது. தோல் விரிய முயலும்போது அந்தச் சுமையைத் தான் வாங்கிக்கொள்கிறது. 2005இல் வெளியான ஒரு பரிசோதனையில், சிசேரியன் ஆன பெண்களில் ஒரு பிரிவினர் 12 வாரம் டேப் ஒட்டினார்கள், மற்றவர்கள் ஒட்டவில்லை. டேப் ஒட்டியவர்களின் தழும்பு கனம் தெளிவாகக் குறைந்திருந்தது. மொத்தம் 70 பேர் மட்டுமே என்றாலும், இவ்வளவு மலிவான பொருளுக்கு இது நல்ல சான்று.

ஒட்டும் முறையில்தான் சூட்சுமம். தோல் உலர்ந்து, எண்ணெய், பவுடர் எதுவுமில்லாமல் இருக்க வேண்டும். டேப்பை இழுக்காமல், தளர்வாக, தழும்பின் நீளவாக்கில் வைத்து நடுவிலிருந்து இரு முனைக்கும் விரலால் நீவ வேண்டும். இழுத்து ஒட்டினால் டேப் சுருங்கும்போது இரு முனையிலும் தோலைக் கிள்ளிப் பிடித்து நீர்க்கொப்புளம் கிளப்பும். டேப் முனையில் மட்டும் கொப்புளம் கண்டால் காரணம் பெரும்பாலும் இதுதான், பசை அல்ல. ஒட்டியதோடே குளிக்கலாம், பிறகு ஒற்றி உலர்த்தினால் போதும். ஓரம் உரிந்தால் கத்தரியால் நறுக்கிவிட்டு, தானாகக் கழன்று வரும்வரை, நாலைந்து நாளாவது விடுங்கள். சுத்தம் என்று நினைத்துத் தினமும் உரித்து மாற்றுவதுதான் பெரிய பிழை. ஒவ்வொரு உரிப்பிலும் மேல்தோல் ஓர் அடுக்கு டேப்போடு போகிறது, பத்து நாளில் தழும்பு எரியும். எடுக்கும்போது வெதுவெதுப்பான நீரிலோ எண்ணெயிலோ நனைத்து, மேல்நோக்கி இழுக்காமல் தோலோடு படுக்கவைத்து மடித்து உரிக்க வேண்டும்.

டேப்பா சிலிகோனா என்றால், மூட்டுக்கு அருகே, அடிவயிற்றில், மார்பில், அதாவது இழுபடும் இடங்களில் முதல் மூன்று மாதம் டேப் நல்ல தேர்வு. ஏற்கெனவே மேடு தட்டத் தொடங்கிவிட்டால் சிலிகோனுக்கு மாறுவது மேல். தடிக்கும் உடல்வாகு உள்ளவர் காத்திருக்காமல் சிலிகோனிலேயே தொடங்கலாம்.

மசாஜ்

தோற்றத்தைப் பெரிதாக மாற்றும் என்பதற்கு ஆதாரம் குறைவு. ஆனால் இறுக்கம், அரிப்பு, அடியில் ஒட்டிக்கொண்ட உணர்வு ஆகியவற்றுக்குக் கைகொடுக்கிறது. முழுதாக ஆறிய தழும்பின்மேல் வாசனையில்லாத களிம்பு சிறிது தடவி, விரல்நுனி வெளுக்கும் அளவு அழுத்தி, தோலின்மேல் வழுக்காமல் தோலையே சேர்த்து நகர்த்துங்கள்: வட்டமாக, மேலும் கீழும், குறுக்காக. ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று முறை. மறுநாளும் சிவப்பு தங்கினாலோ தோல் உரிந்தாலோ அழுத்தம் அதிகம். காயத்தின் எல்லையைத் தாண்டி வளரும் தழும்பான கீலாய்டைத் தேய்க்காதீர்கள்.

வெங்காயச் சாறு ஜெல், வைட்டமின் ஈ

நீளமாகப் பேச ஒன்றுமில்லை. வெங்காயச் சாறு கலந்த ஜெல்லைச் சாதாரண பெட்ரோலியம் ஜெல்லியோடு ஒப்பிட்ட சிறு ஆய்வுகளில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் வரவில்லை. வைட்டமின் ஈயின் நிலைமை இன்னும் மோசம். 1999இல் 15 பேரிடம், தழும்பின் ஒரு பாதியில் வெறும் களிம்பு, மறுபாதியில் வைட்டமின் ஈ சேர்த்த களிம்பு என்று தடவிப் பார்த்தார்கள். பெரும்பாலோருக்குப் பலனில்லை, அல்லது வைட்டமின் ஈ பக்கம் மோசமானது, மூன்றில் ஒருவருக்குத் தோல் அழற்சி வந்தது. காப்ஸ்யூலைக் குத்தித் தழும்பில் பிழியும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கடையில் தானாக வாங்கும் ஸ்டீராய்டு களிம்பும் அப்படித்தான்: சுற்றியுள்ள நல்ல தோலை மெலிய வைக்கும், தழும்பு அப்படியே நிற்கும்.

கருமைக்கு சன்ஸ்கிரீன்

மாநிறம், கருநிறத் தோலில் மேட்டைவிடக் கருமையே அதிகம் உறுத்தும். புதுத் தழும்பு வெயிலில் பட்டால் நிறமிச் செல்கள் மிகையாக வேலை செய்து பழுப்புக் கோடு விழும், அது மங்க மாதக்கணக்காகும். குறைந்தது ஓராண்டு மூடி வையுங்கள். துணி மறைப்பதே முதல்தரம். மறைக்க முடியாத இடத்தில் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல், வெளியே இருக்கும்வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. கருநிறத் தோலில் கண்ணுக்குத் தெரியும் ஒளியே நிறத்தைக் கூட்டும். வெள்ளை சன்ஸ்கிரீன்கள் அதைப் பெரிதாகத் தடுப்பதில்லை. அயர்ன் ஆக்சைடு சேர்ந்த, தோல்நிறச் சாயல் உள்ளவை தடுக்கும். சிலிகோனா டேப்பா என்று மாதக்கணக்கில் யோசித்துவிட்டு இதை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம்.

மருத்துவரிடம் போகும் கட்டம்: ஊசியா, லேசரா?

காயத்தின் எல்லைக்குள்ளேயே தடித்து நிற்பது ஒரு வகை. முதல் ஓரிரு மாதத்தில் எழும், காலப்போக்கில் கொஞ்சம் தணியவும் செய்யும். எல்லையைத் தாண்டிப் பக்கத்து நல்ல தோலுக்குள் நண்டுக்கால் நீட்டுவது கீலாய்டு. பல மாதம் கழித்துக்கூட வரும், தானாக அடங்காது. கீலாய்டை வெறுமனே அறுத்தெடுத்தால் பாதிப் பேருக்காவது திரும்ப வருகிறது, பல சமயம் முன்னிலும் பெரிதாக. மூன்று மாதம் சிலிகோன் ஒழுங்காகப் போட்டும் மேடு ஏறிக்கொண்டே போனால், அல்லது தழும்பு பக்கவாட்டில் வளர்ந்தால், தோல் மருத்துவர்தான் பார்க்க வேண்டும்.

மேட்டுக்கு ஊசி. டிரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு, மில்லிலிட்டருக்கு 10 முதல் 40 மில்லிகிராம் செறிவில், நாலிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை, தழும்பின் உள்ளுக்குள்ளேயே போடப்படும். கெட்டித் தழும்பில் மருந்து ஏறும்போது வலிக்கும். அரிப்பு முதலில் குறையும், தட்டையாவது பிறகு. ஊசி முனை தழும்பைத் தாண்டி அடியிலுள்ள கொழுப்பில் இறங்கினால் பள்ளம் விழும். தழும்பைச் சுற்றி வெள்ளை வளையம் தோன்றுவதும் உண்டு, கருநிறத்தில் அது பளிச்சென்று தெரியும்.

சிவப்புக்கு 595 நானோமீட்டர் பல்ஸ்ட் டை லேசர். அது இரத்தக் குழாய்களைக் குறிவைக்கிறது. இறுக்கத்துக்கும் மேடுபள்ளத்துக்கும் ஃபிராக்ஷனல் கார்பன் டை ஆக்சைடு லேசர். நுண்துளைகள் இட்டு, கொலாஜனை மறுபடி அடுக்க வைக்கிறது. இரண்டிலும் ஒரே அமர்வில் முடியாது, பொதுவாக மூன்றுக்கு மேல், இடையே நாலு முதல் எட்டு வாரம். கருநிறத் தோலில் நிறமியே லேசரின் ஆற்றலை உறிஞ்சிக்கொள்வதால், சிவப்பைப் போக்கப் போய்க் கருமையோடு திரும்பும் அபாயம் உண்டு. குறைந்த ஆற்றலில் மறைவான ஓரத்தில் முதலில் சிறு சோதனை செய்து, நாலைந்து வாரம் பார்த்துவிட்டுத் தொடருங்கள். அதற்குச் சம்மதிக்காமல் முதல் நாளே முழு அமர்வுத் தொகுப்பைத் தலையில் கட்டும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம்.

தழும்பையே வெட்டி மறுபடி தைக்கும் அறுவை, அகலமாகப் பரந்துபோன அல்லது தவறான திசையில் விழுந்த தழும்புக்குப் பொருந்தும். ஆறு மாதம், பலருக்கு ஓராண்டு கழியாமல் அதைப் பற்றிப் பேசவே வேண்டாம், அதற்குள் தழும்பு தானே எவ்வளவு மாறும் என்று தெரியாது. செய்துகொண்டால், தையல் பிரித்த நாளிலிருந்து டேப், சிலிகோன் கணக்கு மறுபடி முதல் வாரத்தில் தொடங்குகிறது.