ஸ்டைலஸ்ல கொசுவம் வரையுற கஷ்டம்

இந்த டேப்லெட்டுக்கு விலை குறைச்சதுல இருந்து "மச்சான் நீதான் வச்சிருக்கியே, பெயிண்டிங்குக்கு எடுக்கலாமாடா"ன்னு ஆளாளுக்கு மெசேஜ். ஸ்பெக் எல்லாம் நெட்ல கிடக்கு, பிராண்ட் பேரும் இங்க வேணாம், நான் பேச வந்தது கூடவே வந்த பேனாவ பத்தி மட்டும்தான்.

நோட்ஸ் எடுக்க, பிடிஎஃப்ல கையெழுத்து போட, ஒரு குறையும் இல்ல. படம் வரைய உக்காந்தாத்தான் சுயரூபம் தெரியும். வேகமா இழுத்தா கோடு நேரா வருது, ஆனா சாய்வா, மெதுவா ஒரு கோடு இழுங்க, நெளியும். பட்டுப்புடவை கட்டுன ஒரு அம்மாவோட படம், ஒருத்தர் காசு குடுத்து வரையச் சொன்ன கமிஷன் வேலை, கொசுவத்துல மடிப்பு மடிப்பா இறங்குற ஜரிகை பார்டர் எல்லாமே சாய்வுக் கோடு, எல்லாமே பொறுமையா இழுக்க வேண்டியது, வந்து பாத்தா ஜரிகை அத்தனையும் பாம்பா நெளியுது. கை நடுக்கம்லாம் இல்லங்க, ஸ்கேல் வச்சு இழுத்தாலும் அதே அலைதான், அதுவும் ஒரே இடைவெளில. ஸ்க்ரீனுக்குள்ள சென்சார் கம்பிங்க கட்டம் கட்டமா ஓடுது, ரெண்டு கம்பிக்கு நடுவுல முனை இருந்தா அந்த இடத்த குத்துமதிப்பா கணக்கு போட்டுத்தான் புடிக்குது, அந்தப் பிசகுதான் கட்டத்துக்குக் கட்டம் திரும்பத் திரும்ப வருது.

ஆப்ல ஸ்டெபிலைசர் போடேன்னு சொல்வாங்க, கோட்டோட நெளிசல தானா சீராக்குற செட்டிங் அது. போட்டா கோடு பேனாவுக்குப் பின்னாடி ஆடி அசைஞ்சு வருது, மடிப்போட முனையெல்லாம் மழுங்கிடுது, கண் இமை மாதிரி குட்டி ஸ்ட்ரோக் பாதிதான் விழுது.

அப்புறம் அந்த 4096 பிரஷர் லெவல், அதாவது எவ்ளோ அழுத்துறோம்னு பேனா பிரிச்சுப் பாக்குற படிகள். எத்தன லெவல் இருந்து என்ன, முதல் லெவலுக்கே அழுத்தணுமே! கன்னத்துல லேசா தடவி நிழல் குடுக்கலாம்னா ஒண்ணுமே விழாது, கொஞ்சம் அழுத்துனா திட்டா விழும். எவ்ளோ அழுத்துனா எவ்ளோ அடர்த்தியா விழணும்னு ஆப்ல இருக்குற பிரஷர் கர்வ மாத்தியும் பிரயோஜனம் இல்ல, பேனாவுக்கே தெரியாத தொடுதல் ஆப்புக்கு எப்படித் தெரியும்?

கண்ணாடி வழுக்குதேன்னு பேப்பர் ஃபீல் ஷீட் ஒட்டுனேன், நிப் ஒரு பக்கமா தேஞ்சு சப்பையாயிடுச்சு, ஸ்க்ரீன்ல வெள்ளையா இருக்குற இடத்துல பொடிப்பொடியா மினுமினுப்பு வேற. சார்ஜ் தொல்லைய சொல்லவே வேணாம். வேக்கம் (Wacom) கம்பெனி பேனா, சாம்சங் எஸ் பென் எல்லாம் வரையுறதுக்கு வேண்டிய கரண்ட ஸ்க்ரீன்ல இருந்தே எடுத்துக்குது, இதுக்கு பேட்டரி. கொஞ்ச நாள் தொடாம போட்டு வச்சு முழுசா வடிஞ்சு போச்சுன்னா அப்புறம் சார்ஜ் ஏறுமான்னே பயம், ஏறலன்னா பிரிச்சு மாத்தவும் வழியில்ல.

ஆனா ஒண்ணு சொல்லியே ஆகணும். பேனாவ படுக்கவச்சு சார்கோல் பிரஷ்ல தலைமுடிய தீட்டுற சுகம் இருக்கே, அப்பப்பா. கொண்டை, பின்னல், மல்லிகைச் சரத்துக்கு அடில வர்ற இருட்டு எல்லாம் அவ்ளோ அழகா வரும். அதுக்காகவே எடுக்கலாம்னுதான் நேத்து வரைக்கும் எல்லாருக்கும் சொல்லிட்டு இருந்தேன். இன்னைக்கு காலைல இருந்து அதே பார்டர ஜூம் பண்ணி ஜூம் பண்ணி திரும்ப இழுத்துட்டு இருக்கேன், இப்ப கேட்டா வேணாம்னுதான் சொல்வேன்.

நம்பிக்கை இல்லன்னா கடைல டெமோ பீஸ் இருக்கும், ஸ்டெபிலைசர ஆஃப் பண்ணிட்டு ஒரு விசிட்டிங் கார்ட சாய்வா வச்சு ஓரத்துலயே மெதுவா கோடு இழுத்துப் பாருங்க. ஸ்க்ரீன்ல கார்ட வச்சா கடைக்காரர் முறைப்பாரு, முறைக்கட்டும்.