கல்லுப்பா, இந்துப்பா, அயோடின் தூள் உப்பா?

எங்கள் வீட்டில் இப்போது அன்றாடச் சமையலுக்கு அயோடின் கலந்த தூள் உப்புதான். மாமியார் காலத்திலிருந்து கல்லுப்பு புழங்கிய வீடு. நடுவில், எல்லோரும் சொல்கிறார்களே என்று இந்துப்பும் வந்து போனது.

இந்துப்பைப் பற்றி ரொம்பப் பேச ஒன்றுமில்லை. நிறம் அழகு, விலை பல மடங்கு. அதிலும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான், அயோடின் பெயருக்குத்தான். ரத்தக்கொதிப்புக்கு நல்லது என்று தாராளமாக அள்ளிப் போடுவது ஆபத்து.

கல்லுப்புக்கு வருவோம். ரசத்துக்கும் மீன் குழம்புக்கும் அதன் ருசியே தனி என்பார்கள். எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. "கடலிலிருந்துதானே வருகிறது, அயோடின் இருக்காதா?" என்று கேட்கிறார்கள். உப்பளத்து உப்பில் இயல்பாகத் தங்குவது மிகச் சொற்பம். தனியாகச் சேர்த்தால்தான் உண்டு. அயோடின் குறைபாடு மலைநாட்டுக்காரர்கள் கவலை என்றும் ஒதுக்க முடியாது. 2018-19 இந்திய அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் மிகக் குறைவாக இருந்தது தமிழ்நாட்டில்தான்: 61.9 சதவீதம். தூத்துக்குடியும் வேதாரண்யமும் இருக்கிற மாநிலத்தில் இந்த நிலை!

சரி, அயோடின் கலந்த கல்லுப்பும் பாக்கெட்டில் வருகிறதே? என் முடிவைத் தீர்மானித்தது இந்த இடம்தான். அயோடின் கடையில் இருப்பது முக்கியமில்லை, தட்டுக்கு வரும்வரை தங்க வேண்டும். கல்லுப்பில் அயோடினுக்காகப் பொட்டாசியம் அயோடேட் என்ற உப்பின் கரைசலைத் தெளிக்கும்போது அது பெரும்பாலும் கல்லின் மேல்பரப்பில்தான் ஒட்டியிருக்கும். நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? மண், தூசி போக ஒரு அலசு அலசுகிறோம். போதாததற்குத் திறந்த ஜாடியில் அடுப்போரமாக வைக்கிறோம். மழைக்காலத்தில் உப்பு நீர்விட்டு அடியில் தேங்குகிறது. கரைந்த அயோடேட்டும் அந்த நீரோடு இறங்கிவிடும்; மேலே அள்ளும் கல்லில் மிஞ்சுவது கொஞ்சம்தான். தூள் உப்பில் அது சீராகக் கலந்திருக்கும், அலசும் வேலையும் இல்லை. மூடி இறுகிய டப்பாவில், ஈரக் கரண்டி படாமல் வைத்தால் போதும்.

இவ்வளவு கறார் எதற்கென்றால், கணக்கு அவ்வளவு இறுக்கமானது. கடையில் கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும்; அந்த அளவில் 10 கிராம் உப்பு தின்றால்தான் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவையான 150 மைக்ரோகிராம் சேரும். கர்ப்பிணிகளுக்கு 250 வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், வயிற்றிலுள்ள பிள்ளையின் மூளை வளர்ச்சி, அயோடினைக் கொண்டு உண்டாகும் தாயின் தைராய்டு சுரப்பையும் நம்பியிருப்பதால். அதற்காக உப்பைக் கூட்டக் கூடாது. இருக்கிற அயோடினை வீணாக்காமல் இருந்தால் நல்லது. பால், முட்டை, மீனிலும் கொஞ்சம் கிடைக்கும்.

தைராய்டுக்கு மருந்து எடுப்பவர்கள் என் பேச்சை வைத்து உப்பை மாற்ற வேண்டாம், டாக்டரிடம் கேளுங்கள். மற்றபடி மீன் கழுவவும் நாரத்தங்காய் ஊறப்போடவும் நாங்கள் கல்லுப்பு வாங்கத்தான் செய்கிறோம்.