புல்லட் கியர்பாக்ஸ்: பழைய நான்கைப் புதுப்பிப்பதா, ஐந்துக்கு மாறுவதா?

2024 டிசம்பர் தொடக்கத்தில் தென்பெண்ணை கரைமீறியபோது, கடலூரில் வெள்ளத்தில் நின்ற பழைய புல்லட்டுகளில் என்னுடையதும் ஒன்று. 1970களின் இறுதியில் திருவொற்றியூர் ஆலையில் தயாரான 350. தண்ணீர் வடிந்தபின் கியர்பாக்ஸைத் திறந்தால், பால் அதிகம் ஊற்றிய தேநீரைப் போல ஒரு கலவை வழிந்தது. பேரிங்குகளில் துரு ஏறியிருந்தது. அதற்கு முன்பே இரண்டாவது, மூன்றாவது கியர்களில் ஒரு முனகல் உண்டு. இனி முழுவதுமாகப் பிரிக்காமல் வண்டியை ஓட்ட முடியாது என்ற நிலை.

இருந்த வழிகள் மூன்று: வண்டியில் ஏற்கெனவே இருந்த, ஆல்பியன் எனப்படும் பழைய நான்கு கியர் பெட்டியையே புதுப்பிப்பது, பிற்காலப் புல்லட்டுகளில் வந்த ஐந்து கியர் பெட்டியைப் பொருத்துவது, சென்னை புதுப்பேட்டையில் பயன்படுத்திய ஆல்பியன் பெட்டி ஒன்றை வாங்கி மாட்டுவது. நான் முதல் வழியைத் தேர்ந்தேன்.

மூன்றாவது வழியை முதலிலேயே தள்ளிவிடலாம். புதுப்பேட்டைப் பெட்டியும் நம் பெட்டியின் வயதுடையதுதான். பிரித்துப் பார்க்காமல் அதன் உள்ளே என்ன தேய்ந்திருக்கிறது என்று தெரியாது. எப்படியும் பிரிக்கத்தான் போகிறோம் என்றால் நம்முடையதையே பிரிக்கலாம். பெட்டியின் வெளி ஓடு விரிசல் விட்டவர்களுக்கும் பல்சக்கரம் உடைந்தவர்களுக்கும் மட்டும் அந்தப் பயணம் தேவை.

ஐந்து கியர் பெட்டியின் நிறைகளை மறைக்க மாட்டேன். கியர் மென்மையாக விழுகிறது. இரு கியர்களுக்கு இடையே போலி நியூட்ரலில் மாட்டிக்கொள்ளும் தொல்லை குறைவு. இன்றைய எல்லா வண்டிகளையும் போல இடது காலில் கியர், வலது காலில் பிரேக். வீட்டில் வேறு யாரேனும் வண்டியை எடுப்பார்கள் என்றால் இது சிறிய விஷயம் அல்ல. ஆல்பியனில் கியர் வலது பக்கம். முதல் கியருக்கு மேலே தூக்க வேண்டும், மற்ற மூன்றுக்கும் கீழே மிதிக்க வேண்டும். பழகாதவர் அவசரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்துவிடுவார். ஆனால் மாற்றும்போது பெட்டியோடு வேலை முடிவதில்லை. பிரேக் பெடலை வலப்பக்கம் கொண்டுபோய், அங்கிருந்து இடப்பக்கச் சக்கர டிரம்முக்கு ஒரு குறுக்குத் தண்டு அமைக்க வேண்டும். பிரேக்கில் கைவைக்கும் எந்த மாற்றத்தையும் நான் இலேசாக எடுத்துக்கொள்வதில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது ஒரே கேள்வி: இன்னும் பத்து ஆண்டுகள் கழித்து இந்தப் பெட்டி கெட்டால், கடலூரிலேயே அதைச் சரிசெய்ய முடியுமா?

ஆல்பியனில் தேய்வது எது என்று பாருங்கள். கிளட்சிலிருந்து வரும் மெயின் ஷாஃப்ட், ஸ்லீவ் கியர் என்ற குழல் போன்ற பல்சக்கரத்துக்குள் சுழல்கிறது. செயினை இழுக்கும் ஸ்ப்ராக்கெட் அந்த ஸ்லீவ் கியரில்தான் இருக்கிறது. நான்காவது கியரில் இரண்டும் பூட்டிக்கொண்டு ஒன்றாகச் சுழல்வதால் நடுவில் உள்ள புஷ் என்ற உலோக வளையத்துக்கு உராய்வே இல்லை. கீழ் கியர்களில் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல்கின்றன, சுமையும் ஏறுகிறது. திருப்பாதிரிப்புலியூர் நெரிசலில் முதல் இரண்டு கியர்களிலேயே ஊரும் வண்டிக்குப் புஷ் விரைவில் தேய்வது இதனால்தான். தேய்ந்தால் ஷாஃப்ட் ஆடும், கிளட்ச் சரியாக விடுபடாது, எண்ணெய் கசியும். கீழ் கியர்களில் முனகி நான்காவதில் அமைதியாகும் வண்டியில் புஷ்களையும், மெயின் ஷாஃப்ட்டுக்கு இணையாக ஓடும் துணைத் தண்டான லே ஷாஃப்ட்டையும் முதலில் சந்தேகிக்கலாம்.

இந்தப் புஷ் வெறும் கன்மெட்டல் (ஒருவகை வெண்கலம்) வளையம். நல்ல கடைசல்காரர் ஒருவர் இருந்தால் போதும். எந்த நிறுவனத்தின் பாகப் பட்டியலையும் நம்பியிருக்க வேண்டாம். கடலூரிலும் புதுச்சேரி தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கமும் லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்லுங்கள்: புஷ்ஷை அழுத்தி ஏற்றியதும் அதன் உள்விட்டம் சற்றுச் சுருங்கும், ஏற்றிய பிறகே ரீமர் (துளையை நுணுக்கமாகக் கடையும் கருவி) போட்டு இறுதி அளவுக்குக் கொண்டுவர வேண்டும். ஷாஃப்ட் கைத்தள்ளலில் நழுவிப் போக வேண்டும், பக்கவாட்டில் ஆடக் கூடாது. எண்ணெய்க் காடி வெட்ட மறக்கக் கூடாது. பித்தளையில் செய்துதருகிறேன் என்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

பேரிங்குகள் கடையில் கிடைப்பவையே. கழற்றும்போது அலுமினிய ஓட்டைச் சீராகச் சூடாக்கினால் போதும். எஃகைவிட அலுமினியம் ஏறக்குறைய இருமடங்கு விரிவதால் பேரிங் தானாகத் தளரும். சுத்தியலால் அடித்து ஓட்டைக் கெடுத்தவர்கள் நிறையப் பேர். கியர் தவறி விழுவதற்குப் பெட்டியையே பிரிக்க வேண்டியதில்லை. வலப்பக்க வெளிமூடிக்குள் இருக்கும் ராட்செட் அமைப்பை (மிதிக்கும்போது கியரைப் படிப்படியாக நகர்த்துவது) சரிசெய்தாலே பெரும்பாலும் தீரும்.

ஐந்து கியர் பெட்டியை அடியோடு பிரித்துக் கட்டிய அனுபவம் எனக்கில்லை. நண்பர்களின் வண்டிகளை ஓட்டியும், அருகில் நின்று பார்த்தும் அறிந்ததை வைத்தே எழுதுகிறேன். நாள்தோறும் நெடுஞ்சாலையில் ஓடுபவர்களுக்கு அதுவே பொருத்தமாக இருக்கக்கூடும். என் ஓட்டமோ மஞ்சக்குப்பத்தைச் சுற்றியும், எப்போதாவது புதுச்சேரி வரையும்தான்.

விற்பனை மதிப்பையும் ஒரு வரி சொல்ல வேண்டும். 2021இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதிப்படி, 50 ஆண்டைக் கடந்து அசல் வடிவில் பேணப்பட்ட வண்டிகளை விண்டேஜ் வகையில் பதிவு செய்யலாம். என் வண்டி அந்த வயதை நெருங்குகிறது. வலப்பக்கக் கியரும், அதன் மேல் குதிகாலால் அழுத்தும் நியூட்ரல் நெம்புகோலும் இருக்கும் வண்டியைத்தான் பழைய புல்லட் தேடுபவர் முதலில் விசாரிக்கிறார்.

பெட்டிக்குள் கிரீஸோ எண்ணெயோ நிரப்புவதில் கவனம் தேவை. கெட்டிக் கிரீஸ் வேண்டாம். பல்சக்கரம் அதில் ஒரு பள்ளம் வெட்டிக்கொண்டு வறண்டு சுழலும். மெல்லிய எண்ணெய் கசிந்துவிடும். நான் இடைப்பட்ட பதத்தில் மென்கிரீஸ் போட்டிருக்கிறேன். எண்ணெயே ஊற்றுவதானால் கியர் எண்ணெய்த் தரங்களில் ஜிஎல்-5 வகையைத் தவிர்த்து ஜிஎல்-4 கேளுங்கள். முதல் வகையில் உள்ள கந்தகச் சேர்மங்கள் செம்பு கலந்த புஷ்களை அரிக்கக்கூடும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஐந்து கியர்தான் வேண்டும் என்றால் மாற்றிக்கொள்ளுங்கள். கழற்றிய ஆல்பியன் பெட்டியை மட்டும் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். கிரீஸ் தடவி, கடல் காற்று படாமல் பாலித்தீனில் சுற்றிப் பரணில் வைத்துவிடுங்கள். வண்டியை ஒருநாள் பழையபடி மாற்ற அது வேண்டியிருக்கும்.