விசுவல் ஸ்டூடியோ கம்யூனிட்டி: வீங்கிப்போன ஃபோர்மைப் பிரிக்கப் போதுமா?

கிளிநொச்சி, வவுனியாப் பக்க நெல் கடைகளுக்கு வின்ஃபோர்ம்ஸில் (ஃபோர்ம் எனும் விண்டோஸ் சாளரங்களை உருவாக்கும் கட்டமைப்பில்) எழுதப்படும் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். மூடைக் கணக்கு, ஈரப்பதக் கழிவு, பற்றுச்சீட்டு எல்லாம் 'சேமி' பட்டனின் ஒரே மெதட்டுக்குள் (பெயரிட்ட நிரல் துண்டுக்குள்) அடைந்து கிடக்கும். அதைப் பிரிக்க, மைக்ரோசொஃப்டின் நிரலெழுதும் கருவியான விசுவல் ஸ்டூடியோவின் இந்த இலவசக் கம்யூனிட்டி பதிப்பே தாராளம். ரீஃபாக்டரிங், அதாவது செயல் மாறாமல் நிரலைச் சீரமைப்பது, கணினியிலேயே நடப்பதால் சிக்னல் இல்லாத ஊரிலும் வேலை ஓடும்.

இதில் தங்கம், தெரிவுசெய்த வரிகளைத் தனி மெதட்டாகப் பிரிக்கும் எக்ஸ்ட்ராக்ட் மெதட்தான். முதலில் டெக்ஸ்ட்பொக்ஸில் உள்ள எடையையும் ஈரப்பதத்தையும் இரண்டு மாறிகளில் எடுத்து வையுங்கள். பிறகு, ஈரம் 14 சதவீதத்தைத் தாண்டினால் எடை கழிக்கும் வரிகளை மட்டும் தெரிவுசெய்து, கொன்ட்ரோல் விசையை அழுத்தியபடி ஆர், எம் தட்டுங்கள். புதிய மெதட் 'ஸ்டாட்டிக்' என்று வந்தால் அது ஃபோர்மிலிருந்து முழுதாக அறுந்துவிட்டது. தனிக் கிளாஸுக்கு நகர்த்தி, ஃபோர்மைத் திறக்காமலே சோதிக்கலாம். வராவிட்டால் ஏதோவொரு டெக்ஸ்ட்பொக்ஸ் இன்னும் உள்ளே ஒளிந்திருக்கிறது, தேடுங்கள்.

பெயர் மாற்றும் ரீநேம் நம்பகமானது, ஃபோர்மின் தோற்றத்தை வைத்திருக்கும் டிசைனர் கோப்பையும் சேர்த்தே திருத்துகிறது. ஆனால் பட்டன் அழுத்தல் போன்ற நிகழ்வுக்கான மெதட்டைக் கையால் அழித்தால் டிசைனர் கோப்பில் அதன் இணைப்பு வரி மிஞ்சி, பில்ட் உடையும். அந்த இணைப்பைப் புரொப்பர்ட்டீஸ் சாளரத்தில் முதலில் நீக்குங்கள்.

பொதுவான பகுதிகளை அடிப்படைக் கிளாஸாகப் பிரிக்கும் எக்ஸ்ட்ராக்ட் பேஸ் கிளாஸை ஃபோர்மில் கவனமாகப் பாவியுங்கள்: அடிப்படை ஃபோர்ம் 'அப்ஸ்ட்ராக்ட்' (நேரடியாக உருவாக்க முடியாதது) ஆக இருந்தால் அதிலிருந்து பிறக்கும் ஃபோர்மை டிசைனர் திறக்காது. ஒரே கிளாஸைப் பல பார்ஷல் கோப்புகளாக வெட்டுவதும் தீர்வல்ல. வரிகள் பரவும், கிளாஸின் பாரம் அப்படியே இருக்கும்.